வாங்க, பாறைக்குள்ளே எட்டிப் பார்க்கலாம்!

நார்வே நாட்டுக் கடலில் ஓரிடம். கடல்தரையைத் தொடவே 380 மீட்டர் இறங்க வேண்டும். அங்கிருந்து இன்னும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் துளைத்துக்கொண்டே போனால் ஜுராசிக் காலத்து மணற்கல் தட்டுப்படும். நீளம் ஒன்பது கிலோமீட்டர், அகலம் மூன்று. இந்த எண்ணெய் வயலுக்கு நோர்ன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நோர்டிக் புராணத்தில் மனிதர்களின் தலையெழுத்தை எழுதும் தேவதைகளின் பெயர் அது. பக்கத்தில் உள்ள குட்டி வயல்களுக்கு உர்த், ஸ்குல்ட் என்று அதே தேவதைகளில் இரண்டு பேரின் பெயர். எண்ணெய் எஞ்சினியர்களுக்கு இவ்வளவு ரசனையா என்று கேட்காதீர்கள். இதைவிடப் பெரிய ஆச்சரியம் இருக்கிறது.

எண்ணெய் கம்பெனிக்காரர்கள் தங்கள் பாறையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்கள். ஆனால் நோர்ன் வயலின் முழு ஜாதகமும், அதாவது அதன் கணினி மாதிரி மொத்தமும், இன்று யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இலவசம்! அதை ஓட்டுவதற்கான ஓபிஎம் ஃப்ளோ என்ற மென்பொருளும் இலவசம். சாதாரண மடிக்கணினி போதும். அப்புறம் என்ன, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட வேண்டியதுதானே?

திறந்து பார்த்தால் முதல் அதிர்ச்சி: வண்ணப்படம் கிடையாது, முப்பரிமாணம் கிடையாது. வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறக்கும். ஆரம்பத்திலேயே மூன்று எண்கள் நிற்கின்றன: 46, 112, 22. பாறையை அகலவாக்கில் 46, நீளவாக்கில் 112, ஆழவாக்கில் 22 துண்டாக வெட்டியிருக்கிறார்கள். பெருக்கினால் 1,13,344 பெட்டிகள். அதில் எண்ணெய், நீர், வாயு ஓடுகிற உயிருள்ள பெட்டிகள் சுமார் 44,000; மற்றவை கணக்கில் உறங்கும். எண்களின் முடிவில் ஒரு சாய்வுக்கோடு. இந்தச் சாய்வுக்கோட்டை ஒரே ஓர் இடத்தில் போட மறந்தால் போதும், பல கோடி ரூபாய் மென்பொருளும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். இந்தத் தொழிலில் எத்தனை இரவுகள் இந்த ஒற்றைக் கோட்டைத் தேடியே கழிந்திருக்கும் என்று யாராவது கணக்கெடுக்க வேண்டும்.

கீழே இறங்க இறங்க கோப்பு சுவாரசியமாகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் துளைத்தன்மை எவ்வளவு, ஊடுருவுதிறன் எவ்வளவு, எந்தப் பிளவு எந்தப் பெட்டியைப் பக்கத்துப் பெட்டியிலிருந்து பிரிக்கிறது என்று பக்கம் பக்கமாக எண்கள். நடுநடுவே இரட்டைக் கோடு போட்டு எஞ்சினியர்கள் தங்களுக்காக எழுதிவைத்த குறிப்புகள். கணினி அவற்றைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். நமக்கோ அவைதான் விருந்து! ஒரு பெருக்கெண்ணை மாற்றினோம், இந்த அடுக்கை மூடினோம் என்று அலுவலகப் பேச்சை ஒட்டுக் கேட்பது மாதிரியே இருக்கும்.

பிறகு கிணறுகள் வருகின்றன. பி, டி, இ என்று தொடங்கும் பெயர்கள் எண்ணெய் எடுப்பவை. சி, எஃப் வரிசை உள்ளே செலுத்துபவை. எண்ணெய்க் கிணறு என்றதும் பம்ப் போட்டு உறிஞ்சுவது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி வேலை அதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. ஒரு பக்கம் தண்ணீரை அழுத்தி ஏற்ற வேண்டும், அது எண்ணெயைத் தள்ளிக்கொண்டு மறுபக்கக் கிணற்றுக்கு வர வேண்டும். இந்த ஊர்வலம் பாறைக்குள் நகரும் வேகம் எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு ஓர் அடி என்பதுதான் துறையில் எல்லோரும் வாய்ப்பாடாகச் சொல்லும் வேகம். நத்தை சிரிக்கும்.

சிரிப்பு வருகிற இன்னொரு விஷயம். பெட்டி ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட நூறு மீட்டர் அகலம். கிணற்றின் ஆரம் பத்து சென்டிமீட்டர் சொச்சம். நூறு மீட்டர் பெட்டிக்கு நடுவில் இந்த ஊசியை எங்கே குத்துவது? பெட்டிக்குக் கணினி ஒரே ஓர் அழுத்தத்தைத்தான் தருகிறது. அசல் பாறையிலோ கிணற்றை நெருங்க நெருங்க அழுத்தம் சரசரவென்று இறங்கும். ஹூஸ்டனில் வேலை பார்த்த டொனால்ட் பீஸ்மேன் 1978இல் இதற்கு ஓர் அழகான விடை சொன்னார். பெட்டி சொல்லும் அழுத்தம், கிணற்றிலிருந்து பெட்டியின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தொலைவில் அசலாக இருக்கும் அழுத்தம் என்று எடுத்துக்கொள், கணக்கு சரியாகிவிடும். நூறு மீட்டர் பெட்டி என்றால் இருபது மீட்டர். அவ்வளவுதான்! உலகமெங்கும் எண்ணெய் வயல் கணிப்புகள் இந்த ஐந்தில் ஒரு பங்கின் தோளில் ஏறித்தான் சவாரி செய்கின்றன. இதே பீஸ்மேன் 1955இல் ஹென்றி ராக்ஃபோர்டுடன் சேர்ந்து, ஹம்பிள் ஆயில் கம்பெனியில் எண்ணெய் ஓட்டத்தைக் கணக்கிட ஒரு முறை கண்டுபிடித்தார். முதலில் கிடைவாட்டில் தீர், பிறகு நெட்டுவாட்டில் தீர், மாறி மாறிச் செய் என்பது அதன் சாரம். இன்று கணிதப் பாடப்புத்தகங்களில் அந்த முறை இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளுக்கு அதில் கச்சா எண்ணெய் வாசனை தெரியாது.

இன்னும் பின்னால் போனால் பிரான்ஸில் டிஜோன் நகரத்து ஆஸ்பத்திரி முற்றம். ஹென்றி டார்சி அங்கே இரண்டரை மீட்டர் உயரக் குழாயில் மணலை நிரப்பித் தண்ணீர் விட்டுப் பார்த்தார். ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த எஞ்சினியர் அவர். வடிகட்டும் மணலில் எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்பதுதான் அவருடைய கவலை. அழுத்த வேறுபாடு இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கிறது, மணல் பத்தையின் நீளம் இரட்டித்தால் ஓட்டம் பாதியாகிறது. 1856இல் வெளியான நூலில் இதை ‘குறிப்பு டி’ என்ற பின்னிணைப்பில் சொருகிவிட்டுப் போய்விட்டார். 1858 ஜனவரியில் இறந்தும் போனார். இன்றைக்கு நோர்ன் கோப்பில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டியோடு பேசுவது இந்தப் பின்னிணைப்பின் பாஷையில்தான். பாறையின் ஊடுருவுதிறனை அளக்கும் அலகுக்கே டார்சி என்று பெயர்.

சரி, கோப்பை ஓட விடுங்கள். திரையில் வரிகள் மளமளவென்று ஓடும். 1997 நவம்பரில் தொடங்கி, சில நாள் சில நாளாகக் காலம் நகர்கிறது. ஒவ்வொரு தாவலுக்கும் எல்லாப் பெட்டிகளின் அழுத்தத்தையும், எண்ணெய்-நீர்-வாயு பங்கையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். சமன்பாடுகள் முரண்டு பிடித்தால் மென்பொருள் தாவலைச் சிறிதாக வெட்டிக்கொண்டு மறுபடி முயலும். அதுவும் சரிப்படவில்லையா, இன்னும் வெட்டும். டைம் ஸ்டெப் கட் என்பார்கள். ஒரு கிணறு திடீரென்று திறக்கப்படும் தேதியில் இந்த வெட்டுகள் வரிசையாக வந்து விழுவதைப் பார்ப்பது கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்ப்பதற்குக் குறைந்த படபடப்பு இல்லை. ஒன்பது வருஷ எண்ணெய் உற்பத்தி, நீங்கள் காபி குடித்து முடிக்கும் சமயத்தில் முடிந்திருக்கும்.

இப்போதுதான் திரைக்குப் பின்னால் நடக்கும் அசல் கூத்து. எந்தக் கிணற்றில் எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்ற நிஜக் கணக்கு கைவசம் இருக்கிறது. மாதிரி வேறு ஒன்று சொல்கிறது. அசல் கிணற்றில் 2001இல் வந்த தண்ணீர் மாதிரியில் வரவே இல்லை என்று வையுங்கள். என்ன செய்வார்கள்? ஒரு பிளவின் வழியே கசிவைக் கூட்டுவார்கள். ஒரு களிமண் அடுக்கின் கதவை இன்னும் இறுக்குவார்கள். நோர்னில் மேலே வாயு இருக்கும் கார்ன் அடுக்கையும் கீழே எண்ணெய் இருக்கும் இலே அடுக்கையும் பிரிப்பது மெல்லிய களிமண் அடுக்குதான். அந்தச் சுவர் எங்கே எவ்வளவு ஒழுகுகிறது என்பதை அங்கே போய் யாரும் பார்த்ததில்லை. கணக்கு நிஜத்தோடு ஒட்டும்வரை திருகிக்கொண்டே இருப்பார்கள். ஹிஸ்டரி மேட்சிங் என்று கௌரவமான பெயர். விடையைத் தெரிந்துகொண்டு வினாத்தாளைத் திருத்தும் வேலை என்று நான் சொன்னால் அந்தத் துறைக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் அவர்களே அப்படித்தான் சிரித்துக்கொள்வார்கள். வம்பு என்னவென்றால், ஒரே வரலாற்றுக்குப் பொருந்தும் பாறைகள் ஆயிரம் இருக்கலாம். அவை சொல்லும் எதிர்காலம் ஆயிரம் விதம்.

அதனால் இப்போதெல்லாம் ஒற்றை மாதிரியை நம்புவதில்லை. நூறு மாதிரிகளை ஒரே நேரத்தில் ஓட விட்டு, புது அளவீடு வர வர எல்லாவற்றையும் சேர்த்தே திருத்துகிறார்கள். கடலியலுக்காக நார்வேக்காரர் கெய்ர் எவென்சன் 1994இல் தந்த முறை இது. பெல்ஜியத்தின் புரூகே நகரத்தில் 2008இல் இதற்கு ஒரு பந்தயமே நடந்தது. நெதர்லாந்தின் டிஎன்ஓ ஆராய்ச்சி நிறுவனம் ஓர் எண்ணெய் வயலை முழுக்க முழுக்கக் கற்பனையாக உருவாக்கியது. முப்பது கிணறுகள். உண்மை அவர்களிடம் மட்டும். கலந்துகொண்ட ஒன்பது குழுக்களுக்கு 104 உத்தேச மாதிரிகளும் முதல் பத்து வருஷ உற்பத்திக் கணக்கும் கொடுத்து, இனி எப்படி எடுப்பாய் சொல் என்றது. இல்லாத வயலுக்கு, இல்லாத எண்ணெய்க்கு, ஒன்பது குழுக்கள் மண்டையை உடைத்துக்கொண்டன! எனக்கு இந்தத் துறையின் மேல் பிரியம் வந்ததற்கு இந்தக் கூத்தும் ஒரு காரணம்.

பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் தீராதா என்று கேட்பீர்கள். கூட்டித்தான் பார்க்கிறார்கள். 280 கிலோமீட்டர் நீளமுள்ள கவார் வயலை வைத்திருக்கும் சவூதி அராம்கோ 2016இல் ஒரு லட்சம் கோடிப் பெட்டிகள் கொண்ட கணக்கையே ஓட்டிக் காட்டியது. சபாஷ். ஆனால் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

அங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது. நூறு மீட்டருக்கு நூறு மீட்டர், உயரம் ஐந்து மீட்டர் என்று ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மணல்மணி ஒன்று 0.2 மில்லிமீட்டர். மணிகளுக்கு இடையில் உள்ள அறைகளை எண்ணினால் ஐம்பது, அறுபது கோடி கோடி தேறும். அத்தனை அறைகளின் நடப்பையும் ஒரே ஒரு சராசரி எண்ணுக்குள் அமுக்கிவிடுகிறது மாதிரி. அறைக்குள் எட்டிப் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில், வில்லிகன் என்ற ஊரில் 288 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வளையத்தில் எலெக்ட்ரான்கள் கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் சுற்றுகின்றன. அவை உமிழும் எக்ஸ்ரே கதிரின் முன்னால் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள மணற்கல் துண்டு ஒன்றை வைத்து, அதற்குள் திரவத்தைச் செலுத்திக்கொண்டே படம் பிடித்தது ஸ்டெஃபன் பெர்க் என்பவரின் குழு. கல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து பெரியா மணற்கல். எண்ணெய் ஆராய்ச்சிக்கூடங்களில் இந்தக் கல்லுக்கு நட்சத்திர அந்தஸ்து. எதைச் சோதிப்பதானாலும் முதலில் இதில்தான்.

அவர்கள் பார்த்தது இது. தண்ணீர் நிறைந்த கல்லுக்குள் எண்ணெய் நுழைகிறது. ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் வழி குறுகலான கழுத்து. எண்ணெயின் முகப்பு அந்தக் கழுத்தில் வந்து வளைந்து நிற்கிறது. அழுத்தம் ஏறுகிறது, ஏறுகிறது, நகரவில்லை. ஒரு கணத்தில் கழுத்தைத் தாண்டியதும் அந்தப் பக்கம் விசாலம், தடை விட்டுப்போகிறது. எண்ணெய் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அறையை நிரப்புகிறது. சில மில்லிநொடிகள்! இந்த அவசரத்துக்கு வேண்டிய எண்ணெய் பம்பிலிருந்து வந்து சேர நேரம் ஏது? சுற்றுப்புற அறைகளில் முன்னேறி நின்ற முகப்புகள் பின்வாங்கிக் கொடுக்கின்றன. பாய்ச்சல் அவ்வளவு வேகம் என்பதால் படத்தில் அதற்கு முந்தின நிலையும் பிந்தின நிலையும்தான் விழுகின்றன. மண்ணில் ஈரம் ஏறி இறங்குவதை ஆராய்ந்த ஹெயின்ஸ் என்பவர் இதை 1930இலேயே விளக்கியிருந்தார். அதனால் ஹெயின்ஸ் பாய்ச்சல் என்று பெயர். ஒரு பாய்ச்சலுக்கு ஓர் அறை என்றுதான் அதுவரை எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2013இல் வெளிவந்த பெர்க் குழுவின் கட்டுரை, ஒரே பாய்ச்சலில் பத்து முதல் இருபது அறைகள் அடுத்தடுத்து விழுகின்றன என்றது. செலவாகும் ஆற்றலில் 64 சதவீதம் இந்தப் பாய்ச்சல்களுக்கே போகிறதாம்.

நாளைக்கு ஓர் அடி என்று மேலே சாதுவாக நகர்ந்த ஊர்வலம் உள்ளே இந்த லட்சணத்தில் இருக்கிறது. நிற்கிறது, பாய்கிறது, பின்வாங்குகிறது, மறுபடி பாய்கிறது. இதை எல்லாம் நோர்ன் கோப்பு எப்படிச் சமாளிக்கிறது? ஒரு வளைகோடு. பெட்டியில் இத்தனை சதவீதம் தண்ணீர் இருந்தால் எண்ணெய்க்கு இவ்வளவு வழி கிடைக்கும், தண்ணீருக்கு இவ்வளவு வழி கிடைக்கும் என்று ஒரு சின்ன அட்டவணை. கோடிக் கோடிப் பாய்ச்சல்களும் அந்தச் சில வரிகளுக்குள் அடக்கம். தத்துவப்படி பார்த்தால் இது செல்லவே கூடாது. நடைமுறையில் ஓரளவுக்குச் செல்லுபடியாகிவிடுகிறது. இந்த இடைவெளியை ஒழுங்காக அடைக்க உலகத்தின் மிகக் கெட்டிக்காரப் பௌதிகக்காரர்கள் சிலர் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், லட்சம் கோடிப் பெட்டிகளைவிட இந்தச் சந்துதான் பார்க்க வேண்டிய இடம்.

எக்ஸ்ரே இல்லாமலும் பார்க்கலாம். ஹார்வர்டில் சுஜித் டட்டா, டேவிட் வெய்ட்ஸ் குழுவினர் கண்ணாடி மணிகளைக் கெட்டியாக அடைத்து, கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கும் திரவத்தை உள்ளே விட்டார்கள். மணிகள் மாயமாகிவிட்டன! கண்ணாடி இருக்கிறது, ஆனால் தெரியாது. திரவத்தில் மிதக்கும் ஒளிரும் துகள்கள் மட்டும் நுண்நோக்கியில் தெரியும். அவை எந்தச் சந்தில் ஓடுகின்றன, எங்கே தூங்குகின்றன என்று பின்தொடரலாம். அடுத்தடுத்த சந்துகளில்கூட வேகம் ஏகத்துக்கு வித்தியாசப்பட்டது.

துகள் என்றதும் அடுத்த கலாட்டாவுக்கு வருவோம். பாறைக்குள் திரவம் மட்டும் ஓடுவதில்லை. மணல்மணிகளின் மேல் களிமண் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, சில மைக்ரான் அளவில். உப்புநீர் ஓடும்வரை அவை சமர்த்து. நல்ல தண்ணீரை விட்டால் மின்விலக்கு ஜெயித்து, பிடி விட்டு, ஓட்டத்தோடு கிளம்பிவிடும். கிளம்பினவை அடுத்த கழுத்தில் போய் அடைத்துக்கொள்ளும். கழுத்தைவிடப் பெரிதாக இருந்தால்தானே அடைக்கும் என்று நினைப்போம். இல்லை. கழுத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவிருந்தாலே ஆபத்து. வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசலில் மூன்று பேர் ஒரே சமயத்தில் தோளை நுழைத்தால் மூவரும் மாட்டிக்கொள்வார்களே, அந்தக் கதைதான். ஓட்டத்தை எதிர்த் திசையில் திருப்பிவிட்டால் அடைப்பு கலைந்து கல் மறுபடி மூச்சு விடும். கொஞ்ச நேரம்தான். துணுக்குகள் எதிர்ப்பக்கக் கழுத்தைத் தேடிப்போய் அங்கே மாட்டிக்கொள்ளும்.

இதை விலாவாரியாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஐஐடி பம்பாயில் பேராசிரியராக இருந்த கார்த்திக் கிலார். அமெரிக்காவின் ஸ்காட் ஃபாக்லருடன் சேர்ந்து, அதே பெரியா கல்லில், சோடியம் குளோரைடுக்கு ஒரு வரம்பு உண்டு என்று காட்டினார். லிட்டருக்குச் சுமார் நான்கு கிராம் உப்பு. அதற்குக் கீழே போனால் துணுக்குகள் கிளம்பும், கல் தொண்டை அடைத்துக்கொள்ளும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உண்டு, கவலை இல்லை. இன்னொரு வேடிக்கையும் கண்டார்கள். உப்பைத் திடுதிப்பென்று குறைக்காமல் படிப்படியாகக் குறைத்தால் சேதம் வெகுவாகத் தணிகிறது.

துகள் ஓட்டத்தைக் கணினியில் பிடிக்கப் பீட்டர் கண்டல், ஓட்டோ ஸ்ட்ராக் இருவரும் 1979இல் தந்த வழி இருக்கிறது. ஒவ்வொரு மணியையும் ஒரு பந்தாக வைத்து, எது எதோடு இடிக்கிறது என்று நியூட்டன் விதிப்படி கணக்கிடு. பின்னால் வந்தவர்கள் இதோடு மணிகளுக்கு நடுவே திரவச் சமன்பாட்டையும் ஓட்டினார்கள். அற்புதம்தான், ஒரு கன சென்டிமீட்டர் மணலிலேயே லட்சத்துக்கு மேல் மணிகள் இருக்கின்றன என்பதை மறந்துவிட்டால். கனடாவில் லாய்ட்மின்ஸ்டர் பக்கம் போனால் இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாத ஆசாமிகள் இருக்கிறார்கள். அங்கே எண்ணெய் பாகு மாதிரி கெட்டி. மணலைத் தடுக்காதே, எண்ணெயோடு சேர்ந்து வரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். மணல் வெளியேறிய இடத்தில் பூமிக்குள் புழு துளைத்த மாதிரி நீளமான வழிகள் உண்டாகி, அவற்றின் வழியே எண்ணெய் வருகிறது.

மறுபடி உப்புக்கு வருவோம். பிரிட்டனின் ஷெட்லண்ட் தீவுகளுக்கு மேற்கே, கிளேர் ரிட்ஜ் எண்ணெய் மேடை. 2018 நவம்பரில் எண்ணெய் வரத் தொடங்கிய இந்த மேடையில் பிபி நிறுவனம் கடல்நீரிலிருந்து உப்பைக் குறைக்கும் ஆலையைச் சேர்த்தே கட்டியது. உப்புக் குறைந்த நீரைச் செலுத்தினால் பாறை இன்னும் கொஞ்சம் எண்ணெயைக் கூடுதலாக விட்டுக்கொடுக்கிறது என்பது அவர்கள் கணக்கு. ரொம்பக் குறைத்தால் களிமண் கிளம்பி அடைக்கும். குறைக்காவிட்டால் லாபம் இல்லை. நடுவில் ஒரு சின்னச் சாளரம். ஏன் கூடுதலாக வருகிறது? கிளம்பிய களிமண் துணுக்கே எண்ணெயையும் தூக்கிக்கொண்டு வருகிறது என்கிறது ஒரு கட்சி. கால்சியம், மெக்னீசியம் அயனிகள் இடம் மாறுவதுதான் காரணம் என்கிறது இன்னொன்று. களிமண்ணைச் சுற்றியுள்ள மின்படலம் விரிகிறது என்கிறது மூன்றாவது. கருத்தரங்குகளில் இன்னும் மல்லுக்கட்டு ஓயவில்லை.

சிமுலேஷன் மென்பொருளோ யார் ஜெயிப்பார்கள் என்று காத்திருக்கவில்லை. உப்பு அதிகமானால் இந்த வளைகோடு, குறைந்தால் அந்த வளைகோடு என்று இரண்டு அட்டவணை கேட்கிறது. நடுவில் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஓர் எண் கேட்கிறது. கொடுத்துவிட்டுச் சாய்வுக்கோட்டைப் போட்டால் போதும், ஓடத் தொடங்கிவிடும்.